அச்சுக் கடைக்கு நாலு நட்சத்திரம், ஐந்தாவது கச்சானோடு போச்சு

28 வருடம் பொலிஸில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் ஊர் வாசகசாலையின் பின்னறையில் ஒரு சின்ன நூதனசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். பென்ஷன் எடுத்த பிறகு எதற்கு இந்த வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். வழக்குப் பொருளுக்குத் துண்டு கட்டி, இலக்கம் போட்டு, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று எழுதி வைத்தவளுக்கு இது புது வேலையா?

பெண் பொலிஸ் பற்றி 12 காட்சிப் பலகை தேவைப்பட்டது. மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குக் கிட்ட, மாடியிலுள்ள ஒரு அச்சுக் கடையில் கொடுத்தேன். இரண்டடிக்கு மூன்றடி ஃபோம் போர்ட், ஒன்று 1,850 ரூபாய். பரவாயில்லை.

நான் கொண்டுபோனது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது. அவர்களின் கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டியது. தட்டச்சுப் பிள்ளை முகம் சுளிக்காமல், எல்லாக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யுனிகோடுக்கு மாற்றினா. மாற்றியதில் எஃப்.பி.ஐ.யின் ஆய்தம் காணாமல் போனதைக் கண்டுபிடித்ததும் அவதான்.

அச்சுக்கு முதல் வரிவரியாக வாசித்துக் காட்டினா. வாக்குமூலத்தின் அடியில் 'வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது' என்று எழுதுவோமே, அதேபோல. ஏழாவது பலகையில் நின்றா.

“அன்ரி, இதில 1922ஆம் ஆண்டு ஒரு பெண் சேர்ந்தா என்று இருக்கு. கீழே 1972இல் முதல் பெண்கள் என்று போட்டிருக்கிறீங்க. எது சரி?”

பிழை என்னுடையது. அலாஸ்கா டேவிட்சன் 54 வயதில், இன்று எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்க மத்திய புலனாய்வுத் துறையில் சேர்ந்தது 1922இல். 1924இல் ஜே. எட்கர் ஹூவர் அதன் தலைமைக்கு வந்ததும் அவவை விலகச் சொல்லிவிட்டார். 1928க்குப் பிறகு 1972 வரை அங்கே பெண் முகவரே இல்லை. கடைசிவரை தலைவராக இருந்த ஹூவர் 1972 மே மாதம் இறந்தார். ஜூலையில் இரண்டு பெண்கள் பயிற்சிக்குப் போனார்கள். ஒருவர் முன்னாள் கன்னியாஸ்திரி, மற்றவர் மரைன் படையில் இருந்தவர். எங்கள் நாட்டில் 1952இலேயே பெண்கள் பொலிஸில் சேர்ந்துவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். நம்பவில்லை, ஆறாவது பலகையைக் காட்டினேன். 'முதல் பெண்கள்' என்பதை 'மீண்டும் பெண்கள்' என்று மாற்றினோம். அதற்குக் காசு கேட்கவில்லை.

சரி, குறை. வியாழன் என்றவர்கள் சனிதான் தந்தார்கள். படி செங்குத்து, பலகைகளை இறக்க ஒரு கை உதவிக்கு ஆளில்லை, ஓட்டோக்காரத் தம்பிதான் தூக்கினார். அப்புறம் பத்து நாளில், மேற்கு யன்னலோரம் இருந்த இரண்டு பலகையின் ஸ்டிக்கர் மூலை கிளம்பிவிட்டது. “கச்சான் காற்றுக்கு நாங்கள் என்னம்மா செய்வது?” என்றார் முதலாளி. மேற்கிலிருந்து வீசும் சூடான காற்று அது. சார்ஜன்ட் குரலில் இரண்டு வார்த்தை பேசிய பிறகு புதிதாக ஒட்டித் தந்தார். ஓரத்துக்கு அலுமினியம் போட மட்டும் தனிக்காசு.

போகிறவர்கள் யுனிகோடில் கொண்டுபோங்கள். காலையில் போங்கள், அந்தப் பிள்ளை மத்தியானம் வரைதான் இருப்பா.