எட்டு ஆன்டெனா ரவுட்டர் என்று தலையில் கட்டினார்கள்: வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் கவனிக்கவும்

பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். வீட்டில் வைஃபை பின்கட்டு வரைக்கும் எட்டவில்லை என்று நீங்கள் வாய் திறந்தாலே, "எட்டு ஆன்டெனா ரவுட்டர் வாங்குங்க, நாலு சுவரைத் தாண்டும்" என்று ஒரு பெட்டியைக் கையில் திணிக்க ஆள் இருக்கிறார்கள். எங்களிடம் அப்படி ஒரு ரவுட்டருக்கு 6,800 ரூபாய் வாங்கினார்கள். அது வேலை செய்யவில்லை என்றதும் பூஸ்டர் என்று இன்னொன்றைக் கொடுத்து 1,900 வாங்கினார்கள். பின்ரூமுக்கு சிக்னல் வரவே இல்லை. ஹாலில் ஒழுங்காக இருந்த வேகமும் பாதியாகிவிட்டது. புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் விற்கும் விதம் தெரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் உஷாராக இருக்கலாம்.

எங்கள் வீடு இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளைப் போலத்தான். தெருவைப் பார்த்த முகப்பு பன்னிரண்டு அடி, உள்ளே போகப் போக நீளம். ஹால், நடு ரூம், சின்ன முற்றம், சமையல்கட்டு, கடைசியில் ஒரு ரூம், அதன் மேலே ஒரு மாடி ரூம். நடுவில் நிற்பதெல்லாம் கணவரின் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள், அவ்வளவு தடிமன். ஃபைபர் கனெக்‌ஷன் கொடுத்தவர்கள், தெருவிலிருந்து வயர் உள்ளே நுழையும் இடத்திலேயே, வாசல் கதவுக்கு மேலே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பிளஸ் டூ படிக்கும் என் மகள் பின்ரூமில்தான் உட்காருவாள். ஆன்லைன் டெஸ்ட் பாதியில் நின்றுவிடும். மாடியில் இருக்கும் மாமியாருக்குக் கத்தாரிலிருந்து பேரன் வீடியோ காலில் வந்தால், குரல் மட்டும் விட்டு விட்டுக் கேட்கும்.

கம்ப்ளெயின்ட் கொடுத்ததும் லைன்மேன் தம்பி வந்தார். "அக்கா, கம்பெனி குடுக்குற பெட்டி இவ்ளோதான் இழுக்கும். எனக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு கீது. நான் சொன்னேன்னு சொல்லுங்க, கம்மி பண்ணித் தருவாரு" என்றார்.

அந்தக் கடையில் எங்கள் வீட்டின் நீளத்தைக் கேட்கவில்லை. என்ன சுவர் என்று கேட்கவில்லை. எத்தனை எம்பிபிஎஸ் பிளான், அதாவது நெட் எவ்வளவு வேகம் என்றுகூடக் கேட்கவில்லை. நேராகப் பெட்டியை எடுத்து வைத்தார். "மேடம், எட்டு ஆன்டெனா. ரெண்டாயிரம் சதுர அடிக்கு கேரண்டி. வரலன்னா எடுத்துனு வாங்க, துட்டு வாபஸ்." பெட்டியில் எம்ஆர்பி 7,999 என்று ஒட்டியிருந்தது. பில் கேட்டேன். "ஜிஎஸ்டி பில் போட்டா பதினெட்டு பர்சென்ட் மேல சேரும்" என்றார். எம்ஆர்பி என்றாலே எல்லா வரியும் சேர்ந்ததுதானே என்று கேட்டேன். உடனே பேச்சு மாறியது. கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன் என்றார். கையில் கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. பில் இன்றுவரை வரவில்லை.

லைன்மேன் தம்பியே வந்து புது ரவுட்டரைப் பழைய பெட்டிக்குப் பக்கத்தில், அதே வாசல் கதவுக்கு மேலே மாட்டினார். பின்ரூமில் ஒரே ஒரு கோடு வந்து வந்து போனது. கடைக்குப் போன் செய்தால், "பழைய வீடா? அப்பவே சொல்லக்கூடாதா மேடம், அதுக்கு பூஸ்டர் வேணும்" என்று பூஸ்டரைக் கொடுத்தனுப்பினார். அதைப் பின்ரூமிலேயே பிளக்கில் சொருகச் சொன்னார்கள்.

பூஸ்டர் வைத்ததும் போனில் கோடுகள் முழுதாக நின்றன. ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கோடுகளை நம்பி நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். போனில் தெரிவது போனுக்கும் பூஸ்டருக்கும் நடுவில் இருக்கும் சிக்னல் மட்டும்தான். பூஸ்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவில் என்ன நிலைமை என்று அது காட்டாது. தனக்கு வந்து சேர்வதைத்தான் பூஸ்டரால் திருப்பி அனுப்ப முடியும். சிக்னலே வராத ரூமில் அதை வைத்தால் எதைத் திருப்பி அனுப்பும்? அதோடு, விலை குறைந்த பூஸ்டர்கள் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில்தான். அதனால் நல்ல இடத்தில் வைத்தாலும் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. எங்கள் பிளான் 200 எம்பிபிஎஸ். பழைய பெட்டியில் ஹாலில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வேகம் வரும். புது ரவுட்டரில், அதன் கீழேயே நின்று பார்த்தாலும் 94ஐத் தாண்டவில்லை. கடைக்காரர் "லைன்ல ப்ராப்ளம்" என்றார், லைன்மேன் "ரவுட்டர் செட் ஆகணும்" என்றார். கடைசியில் என் கொழுந்தனார் அதை ரிச்சி ஸ்ட்ரீட்டில் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் எடுத்துக்கொண்டு போனார். அவர் 94 என்று கேட்டதுமே சொல்லிவிட்டாராம். ரவுட்டரில் வயர் சொருகும் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகை. அதில் நடைமுறையில் 94, 95க்கு மேல் ஏறாது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்கு, 1000 எம்பிபிஎஸ் வரை போகும் கிகாபிட் போர்ட் வேண்டும்.

பெட்டியின் மேலே பெரிதாக 1200 என்று போட்டிருந்ததே என்றால், அது வைஃபை போகும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு 300, 5 கிகாஹெர்ட்ஸுக்கு 867 என்று இரண்டையும் கூட்டி முழுதாக்கிப் போடும் எண். ஒரு போன் ஒரு நேரத்தில் ஏதாவது ஒன்றில்தான் பேசும். அதுவும் சோதனைக்கூடக் கணக்கு.

அப்புறம் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். எட்டு ஆன்டெனாவில் நான்குக்குத்தான் உள்ளே போர்டு வரை வயர் போகிறது. மீதி நான்கும் வெறும் பிளாஸ்டிக், பசையால் ஒட்டியது. படம் எடுத்து அனுப்பினார், பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. எல்லா ரவுட்டரும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நல்ல தயாரிப்பில் எட்டுக்கும் வேலை இருக்கும்: சில ஆன்டெனா ஒரு அலைவரிசைக்கு, சில இன்னொன்றுக்கு, ஒரே சமயத்தில் பல பேருக்கு டேட்டா பிரித்துக் கொடுப்பதற்கு என்று. ஆனால் அதனால்கூடச் சுண்ணாம்புச் சுவர் மெலிந்துவிடாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தும் கருவிக்கு 2005லேயே அரசு உச்ச வரம்பு வைத்திருக்கிறது, ஆன்டெனாவின் பலனையும் சேர்த்து 4 வாட். எத்தனை ஆன்டெனா முளைத்தாலும் அந்த வரம்பு அதேதான். வீட்டு ரவுட்டர்கள் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே அனுப்புகின்றன.

இதைவிட முக்கியமான விஷயத்தை விற்பவர் யாரும் சொல்வதில்லை. வைஃபை இரண்டு பக்கமும் பேச வேண்டிய விஷயம். மொட்டைமாடியிலிருந்து ஒருவர் மைக்கில் கூப்பிட்டால் தெருமுனையில் இருப்பவருக்குக் கேட்கும், ஆனால் மைக் இல்லாத அவர் சொல்லும் பதில் மேலே கேட்காது. ரவுட்டரின் சக்தியைக் கூட்டினாலும் போனின் சக்தி அதே சின்ன அளவுதான். போன் அனுப்புவது ரவுட்டருக்குத் திரும்பி வந்து சேர வேண்டும். 'ஹை பவர்', 'லாங் ரேஞ்ச்' என்று பெட்டியில் எழுதுவதால் அது மாறாது.

எம்ஆர்பி ஸ்டிக்கர் விஷயமும் அப்போதுதான் வெளியே வந்தது. ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது, கீழே வேறு அச்சு தெரிந்தது: 3,499. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, விலையைக் கூட்டி மேலே ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. குறைத்து ஒட்டலாம், அப்போதும் பழைய விலையை மறைக்கக் கூடாது. இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். எங்கள் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரே இல்லை. கூட வந்த அடாப்டரில் பிஐஎஸ் என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை இருந்தது. ஆனால் அதன் கீழே ஆர் எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பார்த்தால் அப்படி ஒன்றே இல்லை என்று வந்தது. இரவும் பகலும் பிளக்கில் இருக்கும் பொருள் அது. அன்றைக்கே கழற்றிவிட்டோம். நீங்களும் வாங்குவதற்கு முன்னால் கடையிலேயே நின்று அந்த எண்ணைச் சரிபாருங்கள், ஒரு நிமிட வேலை.

சரி, சிக்னல் பிரச்சனை எப்படித் தீர்ந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். பெரம்பூரில் சிசிடிவி வயரிங் செய்யும் ஒரு தம்பி வந்தார். அவர் முதலில் செய்த வேலை, போனில் வைஃபை அளக்கும் ஒரு ஆப்பைப் போட்டுக்கொண்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்ததுதான். அதில் வரும் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்கும், பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹாலில் மைனஸ் 42, நடு ரூமில் மைனஸ் 66, பின்ரூமில் மைனஸ் 85. மைனஸ் 67க்குக் கீழே போனால் வீடியோ கால் தடுமாறும் என்றார். நடு ரூமில் ரவுட்டர் இருக்கும் பக்கச் சுவரை ஒட்டி நின்ற இரும்பு பீரோவைக் காட்டினார். பீரோவுக்குப் பின்னால் நின்று அளந்தபோது எண் தடாலென்று இறங்கியது. இரும்பு, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் சிக்னலைத் தின்னும். கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கும் ஒரு வீட்டில், ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவில் வரிசையாக நின்ற கண்ணாடித் தொட்டிகளைச் சுற்றி வயர் இழுத்த பிறகுதான் சரியானதாம்.

முதல் யோசனையாக அவர் சொன்னது, ஃபைபர் பெட்டியையே வீட்டின் நடுவுக்கு மாற்றித் தரச் சொல்லி கம்பெனியைக் கேட்கலாம் என்பது. பல வீடுகளுக்கு அதுவே போதும். எங்களுக்கு மாடியும் இருப்பதால் வயர் இழுத்தோம். பழைய கேபிள் டிவி வயர் போன ஓட்டை வழியாக, முற்றத்துச் சுவர் ஓரமாக, ஒரே ஒரு கேட் 6 நெட்வொர்க் வயர். வாங்கும்போது முழுச் செம்பு வயரா என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியதை அதே பெயரில் விற்கிறார்கள், அது சீக்கிரம் முறியும், நம் பக்கத்துக் கடற்காற்றில் முனைகளும் அரித்துப்போகும். வயரின் மறுமுனையில் கிகாபிட் போர்ட் இருக்கும் சாதாரண ரவுட்டர் ஒன்று, இரண்டாயிரத்துச் சொச்சம் விலை, ஜிஎஸ்டி பில்லோடு. அதை ஆக்சஸ் பாயிண்ட் மோடில் வைத்தார், அதாவது வயரில் வருவதை வைஃபையாகப் பரப்பும் வேலை மட்டும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் வாசலில் இருக்கும் கம்பெனியின் முன்பெட்டியில் இருப்பதே. நடந்து போகும்போது போன் தானே மாறிக்கொள்கிறது.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒட்டியிருப்பதால், ஆப்பைத் திறந்தால் ஊரார் வைஃபை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதனால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குள் இருக்கும் தடங்களான சேனல்களில் முன்பெட்டிக்கு சேனல் 1, பின்னால் இருப்பதற்கு சேனல் 11, இரண்டிலும் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 1, 6, 11 மூன்றும்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பின்ரூமில் இப்போது மைனஸ் 48. 5 கிகாஹெர்ட்ஸில் 180 எம்பிபிஎஸ் வரை வருகிறது. மேல்ரூமில் 2.4 போதுமானதாக இருக்கிறது. மாமியார் பேரன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.

வாடகை வீட்டில் வயர் இழுக்க விடமாட்டார்கள் என்றால், இரண்டு மூன்று பெட்டிகள் வயரில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மெஷ் வகை வாங்கலாம். ஆனால் இரண்டாவது பெட்டியை சிக்னல் செத்த ரூமில் வைக்காதீர்கள். அதற்குப் பாதி வழியில், மைனஸ் 65க்குள் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

கடைக்காரர் விஷயம். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது "பெட்டி திறந்தாச்சு, ரிட்டர்ன் கிடையாது" என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். ஸ்டிக்கர் விஷயத்தைத் தொழிலாளர் துறைக்கு எழுதினேன், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைப் பார்ப்பது அவர்கள்தான். அதற்குப் பிறகு பூஸ்டர் பணம் 1,900 மட்டும் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு போட்டிருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை, பிரச்சனை நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். யுபிஐயில் பணம் போன விவரம், எஸ்டிமேட் சீட்டு, 'பில் அனுப்புகிறேன்' என்று அவர் போட்ட வாட்ஸ்அப் மெசேஜ், பெட்டி, ஸ்டிக்கர், உள்ளே எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

இதே மாதிரி எட்டு ஆன்டெனா பெட்டியை லைன்மேன் சொல்லி வாங்கியவர்கள் இந்தப் பக்கத்தில் இன்னும் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பெட்டியின் எம்ஆர்பி ஸ்டிக்கர் ஓரத்தை இன்றைக்கே பாருங்கள். கீழே வேறு விலை தெரிந்தால் உரித்து எறியாமல் படம் எடுத்து எனக்குச் சொல்லுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து புகார் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் தயாராக இருக்கிறேன்.