சோற்றை விடுவதா, குறைப்பதா, மாற்றுவதா? செட்டிநாட்டு வீட்டில் எடை குறைக்க மூன்று வழிகள்

காரைக்குடிப் பக்கம் எடை குறைக்கணும் என்று ஒருத்தர் வாயைத் திறந்தால் போதும், மூன்று யோசனைகள் வந்து விழும். சோறு, மாவு, சர்க்கரையை விட்டுக் கறி, முட்டை, கொட்டை என்று சாப்பிடும் பேலியோவுக்குப் போ என்பார் ஒருவர். சோற்றைப் பாதியாக்கு, அதுவே போதும் என்பார் இன்னொருவர். அரிசியை விட்டுவிட்டு வரகுக்கும் சாமைக்கும் மாறு என்பார் மூன்றாமவர். மூன்றிலும் இளைத்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். பாதியில் விட்டவர்களும் இருக்கிறார்கள். இதையெல்லாம் பக்கத்தில் இருந்து பார்த்ததில் எனக்குப் படுவது இதுதான்: எத்தனை கிலோ குறையும் என்று பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நம் வாய் எப்படிப்பட்டது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கிலோக் கணக்கில் பெரிய வித்தியாசம் நிற்பதில்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. 609 பேரில் ஒரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைக்கவும், மறு பாதிக்குக் கொழுப்பைக் குறைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து முதல் குழு சராசரியாக 6 கிலோ, இரண்டாவது குழு 5.3 கிலோ குறைந்திருந்தது. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் ஒரே குழுவுக்குள் சிலர் 20 கிலோவுக்கு மேல் இறங்கினார்கள், சிலர் ஏறவே செய்தார்கள். கவனிக்க வேண்டிய இடம் அதுதான். விடாமல் பிடித்துக்கொள்ள முடிகிறதா என்பதில்தான் பெரும்பகுதி இருக்கிறது. விடாமல் இருக்க முடியாமல் போவதற்கு முதல் காரணம், சாயந்திரம் நாலு மணிக்கு நாக்கு கேட்பது.

நம் தட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை என்று போட்டுக்கொள்பவர் 300, 400 கிராம் சோறு சாதாரணமாகச் சாப்பிடுவார். அதிலேயே 85 முதல் 110 கிராம் வந்துவிடும். காலையில் நாலு இட்லி, இடைப்பலகாரம், ராத்திரிக்குத் தோசை என்று கூட்டினால் ஒரு நாளில் 250ஐத் தொட்டுவிடலாம். லோ கார்ப், அதாவது மாவுச்சத்துக் குறைந்த உணவு என்று பொதுவாகச் சொல்வது நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே. அதையும் கடுமையாகக் குறைக்கும் கீட்டோ உணவுமுறை என்றால் 20 முதல் 50 கிராம் வரைதான். நம் ஒரு வேளைச் சோறு, கீட்டோக்காரருக்கு இரண்டு நாள் கணக்கு.

பேலியோ, கீட்டோ

இந்த வழியின் பெரிய பலம், பசி அடங்குவது. மாவுச்சத்து அந்த அளவுக்குக் குறையும்போது கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்ற எரிபொருளைத் தயாரிக்கத் தொடங்கும். அந்த நிலையில் எடை குறைந்துகொண்டிருக்கும்போதும் பசி கூடுவதில்லை என்று ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சாதாரணமாகப் பட்டினி போட்டு இளைக்கிறவருக்கு இந்த வசதி கிடைக்காது. முதல் சில நாட்கள் தலைவலி, சோர்வு எல்லாம் வரும். உடம்பிலிருந்து தண்ணியும் உப்பும் வெளியேறுவதுதான் காரணம். உப்புப் போட்ட எலும்பு ரசம் குடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். முதல் வாரம் தராசு வேகமாக இறங்குவதும் அதே காரணத்தால்தான். உடம்பு சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணியைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணியும் போகிறது. அப்புறம் ஒரு கல்யாணச் சாப்பாட்டில் இரண்டு கிலோ திரும்ப ஏறினால், அதுவும் பெரும்பாலும் தண்ணிதான், பயப்பட வேண்டாம்.

நம் அடுப்பங்கரைக்கு இது ஒத்துவருமா? பாதி ஒத்துவரும். உப்புக்கறியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், நல்லெண்ணெய், உப்பு. கறி தன் தண்ணியிலேயே வெந்து, கடைசியில் எண்ணெய் பிரிந்து, வெங்காயம் கறியோடு ஒட்டிச் சுருண்டுகொள்ளும்வரை பிரட்டினால் முடிந்தது. மாவு, சர்க்கரை எதுவும் கிடையாது. சுக்கா, காடை வறுவல், முட்டை எல்லாம் அப்படியே பொருந்தும். சிக்கல் குழம்பில்தான் வருகிறது. நம் நாட்டுக்கோழிக் குழம்பும் வறுத்த குழம்பும் சோற்றில் பிசைந்து சாப்பிடுவதற்கென்று உப்பு, காரம், புளி போட்டுச் செய்தவை. சோறில்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் குடித்தால் நாக்கு எரியும், வயிறு எரியும். காலிஃப்ளவரைத் துருவிச் சோறு மாதிரி ஆக்கி ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். அது தண்ணி விடும், குழம்பு பிடிக்காது. பேலியோவில் இருப்பவர் குழம்பைத் தனியாக, உப்பையும் மிளகாயையும் பாதியாகக் குறைத்து வைத்துக்கொள்வதுதான் வழி. மசாலாவில் அரைத்துவிடும் பொட்டுக்கடலையை விட்டுவிட்டுத் தேங்காயும் கசகசாவும் மட்டும் அரைக்கலாம்.

விரத நாள் வந்தால் இந்த வழி தடுமாறும். கார்த்திகை, சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று கவுச்சி தொடாத நாட்கள் நம் வீடுகளில் நிறைய. முட்டையும் கூடாது என்றால் பனீர், தேங்காய், பாதாம் என்று சுருங்கிவிடும். அந்தப் பாதாமை நூறு எண்ணி நெய்யில் வறுத்துச் சாப்பிடுவது பேலியோக்காரர்களுக்குப் பழகிப்போன காலை உணவு. நன்றாகப் பசி தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது மட்டும் 600, 700 கலோரி. எடை நின்றுபோய்விட்டது என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் அந்தக் கிண்ணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கீட்டோ எடைக்காக உண்டான உணவுமுறை இல்லை. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளிகளுக்காக வகுத்தது அது. மருந்துக்கு இணையாக உடம்பை மாற்றும் சக்தி அதற்கு உண்டு. சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர் சோற்றை ஒரே நாளில் நிறுத்தினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துபோகலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் கீட்டோவில் இறங்கினால் ரத்தம் அமிலமாகும் அபாயம் இருக்கிறது. ரத்த அழுத்த மாத்திரையின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாங்களாக இதைத் தொடவே கூடாது. சிலருக்குக் கெட்ட கொழுப்பு நன்றாக ஏறிவிடும். தொடங்கும் முன்பும் மூன்று மாதம் கழித்தும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கும் பழக்கம் நம் ஊரில் அதிகம். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

சோற்றைப் பாதியாக்குவது

ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இண்டியாப்’ (INDIAB) சர்க்கரை நோய் ஆய்வில் 18,090 பேரின் சாப்பாட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தார்கள், 2022இல் வெளியானது. நம் நாட்டில் கலோரியில் 60 முதல் 75 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது, அதை 50, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதம் அளவுக்கு ஏற்றினாலே சர்க்கரை நோய் விஷயத்தில் நல்ல மாற்றம் வரும் என்பது அதன் சாரம். சோற்றை அடியோடு விடச் சொல்லவில்லை. இந்த நடுவழிக்கு அது நல்ல பலம்.

செய்முறையில் இது இப்படி இருக்கும். காலையில் இட்லி இரண்டு, கூடவே முட்டை இரண்டு. மத்தியானம் சோறு 150 கிராம், ஒரே தடவை. தட்டில் மிச்ச இடத்துக்குக் கோழியோ மீனோ, கூட வெண்டைக்காய் மண்டி (அரிசி கழுவிய தண்ணியில் புளி விட்டு வைப்பது), கீரை மசியல், ஒரு துவட்டல். வீட்டில் எல்லோருக்கும் வைத்த அதே குழம்பு. தனி உலை, தனிச் சட்டி எதுவும் இல்லை என்பது சமைக்கிறவருக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்று சமைக்கிறவருக்குத்தான் தெரியும். விரத நாளில் கறிக்குப் பதில் சுண்டல், தயிர், பருப்பு. அப்பத்தா வந்து “சோறு திங்காம எப்படித்தா தெம்பு வரும்” என்று கேட்க இடமே இருக்காது, தட்டில் சோறு இருக்கிறது.

பலவீனம்? மெதுவாகத்தான் இறங்கும். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ. பொறுமை இல்லாதவர்களுக்கு இது சோதனை. கீட்டோ தரும் பசியடக்கமும் இதில் கிடையாது. சோறு உள்ளே வரும் வரைக்கும் சோற்று ஆசையும் இருக்கும். பாதி என்பது வாரம் போகப் போக முக்கால் ஆவதும் உண்டு. அதற்குத்தான் கரண்டியை நம்பாமல் ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துக்கொள்ள வேண்டும்.

சிறுதானியத்துக்கு மாறுவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அரிசி 100 கிராமில் மாவுச்சத்து 78 கிராம். வரகு, சாமை, கேழ்வரகு எல்லாம் 65, 67 கிராம். நார்ச்சத்து கூடுதல், வயிறு நிறைந்த உணர்வு கொஞ்சம் நீடிக்கும், நல்ல தானியம்தான். ஆனால் இதை லோ கார்ப் என்று சொல்ல முடியாது. சாமைச் சோற்றை அதே மூன்று தடவை போட்டுக்கொண்டால் தராசு அசையாது. கேழ்வரகைக் கூழாகவும் நைசான மாவாகவும் ஆக்கிச் சாப்பிட்டால் சர்க்கரை வேகமாகவே ஏறும். கவுனி அரிசியும் அப்படித்தான். அதன் கறுப்பு நிறத்துக்கும் நார்ச்சத்துக்கும் மதிப்பு உண்டு. ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டு நம் விருந்தில் வைக்கும் கவுனி அரிசி முழுக்க முழுக்க இனிப்பு. நடுவழியில் போகிறவர் பாதிச் சோற்றை வரகாக மாற்றிக்கொண்டால் உதவும். தனி வழியாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாய் நமநமப்பு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நம் பலகாரங்களில் மாவும் இனிப்பும் எண்ணெயும் சேர்ந்தே இருக்கும். கந்தரப்ப மாவை எண்ணெயில் விட்டதும் ஓரம் பொரிந்து நடு உப்பி வரும். பிய்த்தால் வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே வெல்லம் கலந்த மென்மை, ஏலக்காய் வாசனை. வெறும் வெல்லத்தையோ வெறும் எண்ணெயையோ யாரும் ஏங்கித் தின்பதில்லை. இரண்டும் மாவோடு சேரும்போதுதான் கை நிற்காது. ஒன்றோடு நிறுத்திக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்று தொட்டால் தட்டு காலியாகும் வரை நிறுத்த முடியாதவர்களும் இருக்கிறார்கள். இது மனவுறுதிக் குறைவு இல்லை, உடம்பும் நாக்கும் அமைந்த விதம்.

முதல் வகை ஆளுக்கு நடுவழி நன்றாகப் பொருந்தும். இரண்டாம் வகை ஆளுக்கு அளவோடு சாப்பிடு என்பது கொடுமையான அறிவுரை. அவருக்கு மொத்தமாக விடுவதுதான் சுலபம். கீட்டோ அவருக்கு வேலை செய்வதற்குக் காரணம் கீட்டோன் மட்டும் இல்லை. தினமும் “ஒன்று எடுக்கலாமா, வேண்டாமா” என்ற போராட்டமே இல்லாமல் போகிறது. சம்படத்தில் சீப்புச் சீடை இருப்பது தெரிந்தும் நிம்மதியாக வேறு வேலை பார்க்க முடிகிறதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பதில் தெரிந்துவிடும்.

எந்த வழியானாலும் நாலு மணி ஆசையின் வேர் காலையில் இருக்கிறது. மூன்று இட்லியில் புரதம் 6 கிராம் இருந்தால் அதிகம். இரண்டு முட்டையில் 12 கிராம். காலையும் மத்தியானமும் புரதம் போதுமானதாக இருந்தால் சாயந்திரம் நாக்கு இவ்வளவு கெஞ்சாது. அப்புறம் டீ. நாலு டீக்குத் தலா இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 35 கிராம் போல வரும். 120 கிராம் சோறு சாப்பிட்டதற்குச் சமம், வயிறும் நிறையாது. கருப்பட்டிக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்: கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான். நடுவழிக்காரர் நாலு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலோ தட்டைப்பயறோ வைத்துக்கொள்ளலாம். பேலியோக்காரருக்கு அவித்த முட்டை, தேங்காய்ச் சில்லு.

கல்யாணமும் அறுபதாம் கல்யாணச் சாந்தியும் வரும்போது என்ன செய்வது? நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் சர்க்கரை நோயாளிகள் 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு 2015இல் வந்தது. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது ரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. நம் இலையில் இது ரொம்ப எளிது. சோறு வருவதற்கு முன்பே மண்டி, கோசுமல்லி, கூட்டு, பச்சடி எல்லாம் வந்துவிடும். அவற்றை முதலில் முடித்துவிடலாம். “இன்னொண்ணு வச்சுக்கங்க ஆச்சி” என்று பணியாரத்தோடு வந்து நிற்பவரிடம், இலையில் இருக்கும் அந்த ஒன்றைக் காட்டினாலே அவர் நகர்ந்துவிடுவார். வெறும் இலையில்தான் போட்டுவிட்டுப் போவார்கள். பிள்ளையார் நோன்பில் நூல் திரி ஏற்றி விழுங்கும் (இழை எடுத்துக்கொள்ளும்) அந்த ஒரு வாய் மாவை எந்த உணவுமுறைக்காகவும் விட வேண்டியதில்லை. மறுநாளும் வீட்டில் இருக்கும் மிச்ச மாவும் அப்பமும்தான் எடையை ஏற்றுகின்றன. பலகாரம் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றைக்கே பங்கு பிரித்துப் பக்கத்து வீடுகளுக்கும் வேலை செய்கிறவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள், ராத்திரிக்கு முன்னால்.