வெள்ளைத் தார்ப்பாய், 18க்கு 24 அடி: பட்டறைக்கு நிழல் கட்டிப் பார்த்ததில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தார்ப்பாய் நல்ல சரக்கு, ஐந்துக்கு நான்கு தாராளமாகக் கொடுக்கலாம். ஓரத்தில் அடித்திருக்கும் அலுமினிய வளையங்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். விலை இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். 'அட, மலிவுதானே' என்று கிளம்பிவிட வேண்டாம், குழாய், கம்பிக் கயிறு, குழி வெட்டுகிற கூலி எல்லாம் சேர்ந்தால் தார்ப்பாயைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும்.

பழைய கதவு, நிலை, தூண் இவற்றை வாங்கிச் சரிசெய்து கொடுப்பது எங்கள் தொழில். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு என்ன மாதிரி சாமான் என்று புரியும். வேலை நடப்பது ஒரு பழைய வீட்டின் கடைசிக் கட்டுக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளியில், வாடகைக்கு எடுத்த இடம். பர்மா தேக்கு என்ன வைரம் பாய்ந்ததாக இருந்தாலும் இழைத்த பலகையை நேர் வெயிலில் போட்டால் நெளியும், இணைப்பு விட்டுக்கொள்ளும். பாலிஷ் அடிப்பது அதைவிடப் பாடு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பொட்டலத்தால் தேய்க்கிறோம், சூடேறிய பலகையில் கையை எடுப்பதற்குள் ஸ்பிரிட் பறந்து தடம் திட்டுத் திட்டாக நின்றுவிடுகிறது. தகரம் போட்டால் உள்ளே நிற்க முடியாது. கீற்றுக் கொட்டகை குளுமைதான், ஆனால் காய்ந்த கீற்றிலிருந்து உதிர்கிற தூசி ஈரப் பாலிஷில் போய் ஒட்டும், போதாததற்கு ஸ்பிரிட் டின்னைக் கீற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு எவன் நிம்மதியாக வேலை பார்ப்பான்? ஆகவே தார்ப்பாய்.

கடையில் கேட்டால் எடுத்த எடுப்பில் நீலத்தைத்தான் பிரித்துப் போடுவார்கள். நெல் மூடவும் லாரிக்குப் போடவும் அது சரி. நிறம் பார்க்கிற வேலைக்கு நீலம் கூடவே கூடாது. அதன் அடியில் தேக்கு செத்துப்போன சாம்பல் நிறமாகத் தெரியும், 'இன்னும் கொஞ்சம் சிவப்பு வேணும்' என்று சாயத்தை ஏற்றிக்கொண்டே போவோம், கதவை வெளியே தூக்கிக்கொண்டு வந்தால் செங்கல் நிறத்தில் நிற்கும். மஞ்சள் தார்ப்பாய், பச்சை நிழல் வலை எல்லாம் ஒவ்வொரு விதத்தில் இதே கதைதான். உள்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் வெள்ளி என்று ஒரு ரகம் இருக்கிறது, வெயிலை நன்றாகவே அடக்குகிறது, ஆனால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். வெள்ளையில் வெளிச்சம் பரவலாக இறங்குகிறது, உப்புத்தாள் போட்ட தடம்கூடக் கண்ணுக்குத் தெரிகிறது. மேலே கொஞ்சம் சூடு தெரியத்தான் செய்யும், பத்தடிக்குக் குறையாமல் தூக்கிக் கட்டி இரண்டு பக்கத்தையும் திறந்து விட்டால் தாங்கலாம். சித்திரை வெயிலில் நிழல் கிடைக்கும், குளிர்ச்சி கிடைக்காது, அதை எதிர்பார்த்து வாங்காதீர்கள்.

அடுத்தது எடை. ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான், அதனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 18க்கு 24 அடி என்றால் 432 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 200 ஜிஎஸ்எம் என்றால் 8 கிலோ இருக்க வேண்டும். நான் முதலில் ஏறின கடையில் (பெயர் வேண்டாம்) '200 சார், கெட்டி சார்' என்று கொடுத்ததைத் தராசில் வைக்கச் சொன்னேன், ஐந்து கிலோவுக்குச் சற்றே மேலே நின்றது முள். கடைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! 'அது மெஷின் எடை, இது வேற எடை' என்று ஏதோ சொன்னார். அடுத்த கடையில் 8 கிலோவுக்குச் சரியாக நின்றதை வாங்கினேன். எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, யூவி பூச்சு, அதாவது வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குகிற பூச்சு, உள்ளதா என்று கேளுங்கள். அது இல்லாத பிளாஸ்டிக் நம் ஊர் வெயிலில் சீக்கிரமே மொறமொறத்து, தொட்டால் செதில் செதிலாகக் கையோடு வரும். நெய்த பிளாஸ்டிக் தார்ப்பாய்க்கு ஐ.எஸ். 7903 என்று ஒரு தரக்குறியீடு உண்டு, அச்சிட்டிருக்கிறதா என்று ஓரத்தில் பார்க்கலாம்.

கட்டுகிற கதைக்கு வருவோம், இதில்தான் ஆள் தேவை. எங்கள் வீட்டுக்கார ஆச்சி முதல் நாளே வந்து நின்று, "தம்பி, தூணுல, சுதைப் பொம்மையில எல்லாம் கயித்தக் கட்டிப்புடாதீக, உடைஞ்சா அதைச் செய்ய ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். ஆச்சி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, பழைய சுண்ணாம்புக் காரையில் கொக்கி அடித்தால் சுவரோடு பெயர்ந்து வரும். அதனால் நான்கு இரும்புக் குழாய் நட்டோம். பந்தல்கார அண்ணன் பெயின்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி நடுவில் குழாயை நிறுத்திவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். இருபது லிட்டர் வாளி கான்கிரீட் ஐம்பது கிலோகூட வராது, காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்று நேராக மோதினால் சதுர மீட்டருக்குச் சுமார் 12 கிலோ அழுத்தம், நம் 40 சதுர மீட்டருக்கு அரை டன் பக்கம் வந்துவிடும். இந்தச் சரளைச் செம்மண்ணில் கடப்பாறை போட்டால் பொறி பறக்கிறது, முந்தின நாள் ராத்திரி தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு இரண்டரை அடி தோண்டி கான்கிரீட் போட்டு நிறுத்தினோம்.

நடுவில் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பிக் கயிறு ஒன்றை ஓடவிட்டு, டர்ன்பக்கிள் (கம்பியை இழுத்து இறுக்குகிற திருகு) வைத்து விறைப்பாக முறுக்கி, தார்ப்பாயைக் கூரை முகடு மாதிரி அதன்மேல் போட்டு இரண்டு பக்கமும் சரித்துக் கட்டியிருக்கிறோம். கம்பி உரசுகிற இடத்தில் பழைய தண்ணீர் ஹோஸைக் கீறிச் சொருகியிருக்கிறோம். வளையத்தில் நேரே கயிற்றைக் கட்டாமல் சைக்கிள் ட்யூபை வெட்டி நடுவில் கொடுத்தோம், காற்று இழுக்கும்போது ரப்பர் நீண்டு கொடுக்கிறது. கடையில் கூடவே தருகிற நீலப் பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பஞ்சாகிவிடும், அதைச் செடி கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.

நிழல் எங்கே விழும் என்பதைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். சித்திரை தொடக்கத்தில் நம் ஊரில் உச்சி வேளையில் சூரியன் தலைக்கு நேர் மேலே, நிழல் தார்ப்பாய்க்கு நேர் கீழே விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடுவதால் பத்தடி உயரத் தார்ப்பாயின் நிழல் உச்சி வேளையிலேயே ஆறரை அடி வடக்கே தள்ளிப் போய்விடுகிறது. வேலை பெஞ்சும் கூடவே வடக்கே நகர வேண்டும், இடம் விட்டு வையுங்கள். சாயங்கால வெயில் எந்த மாதமானாலும் மேற்கு ஓரத்துக்கு அடியில் புகுந்து முகத்தில் அடிக்கும், அந்தப் பக்கம் மட்டும் நிழல் வலையைத் திரையாகத் தொங்கவிட்டோம். காற்று ஊடே போகும், தலைக்கு மேலே இல்லாததால் நிறமும் அவ்வளவாகக் குழம்பவில்லை.

ஆடி வந்தது. மேல்காற்று ஒரே வாரத்தில் மேற்கு மூலை வளையங்களைப் பிடுங்கிவிட்டது, குழாயும் கயிறும் துணியும் அசையவில்லை, அந்த அலுமினியம் மட்டும் பொத்தானைப் போலத் தெறித்துப் போனது. ஆசாரி அண்ணன் கோலிக்குண்டு அளவில் ஒரு கூழாங்கல்லை எடுத்துத் தார்ப்பாய் ஓரத்துக்குள் வைத்துக் கழுத்தைச் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கினார். கம்பெனிக்காரன் போட்ட வளையத்தைவிட அதுதான் இன்றைக்கும் நிற்கிறது. இப்போது எல்லா மூலையும் கல்தான். ராத்திரி படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் அக்கம்பக்கத்தார் தூக்கத்தைக் கெடுக்கும், அதனால் காற்று மாதத்தில் வேலை முடிந்ததும் ஒரு பக்கத்தை அவிழ்த்துச் சுருட்டிவிடுகிறோம்.

மழைக்கு இது கூரை இல்லை. ஐப்பசியில் தொய்வான இடத்தில் தண்ணீர் தேங்கிக் குளம் கட்டும், ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர், இரண்டு சென்டிமீட்டர் மழை இந்த அளவுத் தார்ப்பாயில் 800 லிட்டர். சரிவு இருந்தால் வழிந்து ஓடிவிடும். ஆனால் வெயிலில் பிளாஸ்டிக் இளகித் தொய்ந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது முறுக்கிவிட வேண்டும். எப்படியும் ஈரக் காற்றில் அரக்குப் பாலிஷ் வெளுத்துப் பூத்துவிடும் என்பதால் அந்த மாதங்களில் நாங்கள் உள்ளே ஒதுங்கிவிடுவோம், தார்ப்பாயைக் காயவைத்து மடித்து எலி எட்டாத உயரத்தில் போட்டுவிடுவோம்.

இழைக்கிறது, அறுக்கிறது மட்டும் செய்கிறவர்களுக்கு நீலமே போதும், வெள்ளையைவிட மலிவாகவும் கிடைக்கும். பாலிஷ், பெயின்ட், துணிச் சாயம் என்று நிறம் பார்க்கிற வேலை என்றால் வெள்ளையே வாங்குங்கள், வாங்கும்போது தராசில் வைக்கச் சொல்லுங்கள்.