பாயிண்ட் டூ டூவா, ஏர் ரைபிளா: ஈயம் எதில் அதிகம் ஒட்டும்?

அண்ணன் மகள் பத்தாவது முடித்த கையோடு, துப்பாக்கி சுடப் பழகப் போகிறேன் என்று நிற்கிறாள். துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர்தானே, நமக்கும் வராதா என்கிறாள். அண்ணிக்குக் குண்டு எங்காவது பாய்ந்துவிடுமோ என்று பயம். எனக்கு வேறு பயம். "அந்தக் குண்டே ஈயம் அண்ணி. கையில ஒட்டும், மூச்சுல போகும்" என்றேன். "அப்ப எதுல கம்மியோ அதுல சேத்து விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். வேலை என் தலையில்.

எடையை வைத்துப் பார்த்தால் கணக்கு சுலபம். ஏர் ரைபிளில் போடும் 4.5 மில்லிமீட்டர் ரவை அரை கிராம் சொச்சம். .22, அதாவது பாயிண்ட் டூ டூ தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம். அறுபது முறை சுட்டால் முதலாவதில் முப்பது கிராம் அளவுக்கு ஈயம், இரண்டாவதில் நூற்றைம்பதுக்கு மேல். ஆனால் இந்தக் கணக்கை நம்பி முடிவெடுக்க முடியாது. குண்டாகப் போய் மண்ணில் புதையும் ஈயம் யார் வயிற்றுக்குள்ளும் போவதில்லை. தூசியாகவும் புகையாகவும் மாறுவது எவ்வளவு என்பதே கேள்வி. அங்கே வித்தியாசம் ஐந்து மடங்கோடு நிற்காது.

.22 தோட்டாவின் அடிவிளிம்புக்குள், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் கலவை இருக்கிறது. பெரும்பாலானவற்றில் அது லெட் ஸ்டிப்னேட் என்ற ஈய உப்பு சேர்ந்தது. ஊசி விளிம்பைக் குத்தியதும் அது வெடித்துப் புகையாகிறது. பின்னாலேயே வெடிமருந்து எரிந்த சூட்டுக் காற்று, வேறு உலோகம் போர்த்தாத ஈயக் குண்டின் பின்புறத்தைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. குழாயில் உரசி உதிர்வது வேறு. இந்தப் புகை எழுவது சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில். படுத்துச் சுட்டால் கேட்கவே வேண்டாம்.

கல்லூரியில் என்சிசியில் இருந்தபோது நாங்கள் சுட்டதும் .22தான். சுட்டு முடித்ததும் தோட்டாவின் காலி உறைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் தேடவிடுவார்கள். நாங்கள் பொறுக்கிப் போட்டது தலையில் வைக்கும் தொப்பியில். கொடுத்துவிட்டு அதே தொப்பியை மாட்டிக்கொண்டு, அதே கையால் பூரி கிழங்கு. கை கழுவச் சொன்னவர் யாருமில்லை. அதுவும் திறந்த வெளி. மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கிலிருந்து திரும்பும், கிழக்கே பார்த்துச் சுட்டால் புகை நம் முகத்துக்கே வரும். உள்ளரங்கம் என்றால் காற்று சுடுபவரின் முதுகுப் பக்கமிருந்து இலக்கை நோக்கி ஓட வேண்டும். மேலே ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும் அறை அதற்கு நேரெதிர். புகையை அங்கேயே கிளறிக்கொண்டிருக்கும்.

ஏர் ரைபிளில் பிரைமரும் இல்லை, மருந்தும் இல்லை. அழுத்திய காற்றுதான் தள்ளுகிறது. வேகமும் .22இல் பாதி அளவே. ஈயம் நொறுங்குவது பத்து மீட்டர் தள்ளி, ரவை போய் விழும் பெட்டியில். மருந்துத் துப்பாக்கி சுடுபவர்களைவிட இவர்கள் ரத்தத்தில் ஈயம் குறைவு என்று அளந்து பார்த்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் ரவையை எடுப்பது வெறும் விரல். வீராம்பட்டினம் தேருக்குப் போனால் பலூன் சுடும் கடைகளைப் பார்க்கலாம். இரண்டு கையும் துப்பாக்கியை மடக்கிக்கொண்டிருக்க, நாலைந்து ரவையை வாயில் அடக்கி, ஒவ்வொன்றாகத் துப்பிப் போடுகிறவரைச் சின்ன வயதில் வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

ஈயத்துக்குப் பதில் தகர ரவையும் கிடைக்கிறது. விலை கூட, எடை குறைவு, போட்டிக்காரர்கள் பெரும்பாலும் ஈயத்தைத்தான் விரும்புகிறார்கள். பழகும் குழந்தைக்குத் தகரம் நல்லதுதான். ஆனால் பக்கத்து வரிசையில் பத்துப் பேர் ஈயம் சுடும் இடத்தில், நம் பிள்ளை மட்டும் தகரம் சுடுவதால் தரைத் தூசி மாறிவிடாது. தரையை எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்று நான் முதலில் பார்ப்பேன். துடைப்பத்தால் பெருக்கினால் அந்த இடம் வேண்டாம். ஈரத்துணி போட்டுத் துடைத்தால் உள்ளே போகலாம்.

மூன்றாவது வகை நம் ஊரில் இல்லை. காலி உறையில் மீண்டும் பிரைமரும் மருந்தும் குண்டும் ஏற்றும் ரீலோடிங். இங்கே லைசென்ஸ் இல்லாமல் செய்தால் கம்பி எண்ண வேண்டியதுதான். பிரான்சில் இருக்கும் என் சித்தப்பா, பழைய சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்), அங்கே கிளப்பில் சுடுகிறவர், இதைப் பொழுதுபோக்காகவே வைத்திருந்தார். குண்டைத் தொடும்போதெல்லாம் கையுறை போடுவார், அவ்வளவு கவனம். ஆனால் சுட்ட உறைகளை மெருகேற்ற, மக்காச்சோளச் சக்கைத் தூள் போட்டு அதிரும் தொட்டியில் சுற்றவிடுவார். உறைக்குள் ஒட்டியிருக்கும் பிரைமர் கரியெல்லாம் அந்தத் தூளில் இறங்கிவிடும். அதைச் சல்லடையில் கொட்டிச் சலிப்பார், மூடிய அறையில், முகத்தில் துணிகூட இல்லாமல். டாக்டர் எதற்கோ ரத்தம் எடுத்தபோது, டெசிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற கணக்கில் ஈயம் இரண்டிலக்கத்தில் நின்றது. கையுறை காப்பாற்றவில்லை, சல்லடை கவிழ்த்துவிட்டது. இப்போது தண்ணீரும் எஃகு ஊசிகளும் போட்டு ஈரமாகக் கழுவுகிறார். தூசி இல்லை. ஆனால் அந்தக் கறுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது, பாத்திரம் கழுவும் தொட்டியிலும் கொட்டக் கூடாது. எதை எடுத்தாலும் ஒரு வால் இருக்கிறது.

சுடுவதையும் நிரப்புவதையும்விட மோசம், உருக்குவது. ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் யாரும் பயப்படுவதில்லை. வலைக்குக் கட்ட ஈயக் குண்டு வார்க்கிற வீடுகள் இந்தக் கடலோரத்தில் உண்டு. பழைய பேட்டரித் தகடு போட்டால் இன்னும் விஷம். மேலே படியும் கசடைக் கரண்டியால் வழித்துப் போடும் இடத்தில்தான் குழந்தைகள் விளையாடும். கடையில் வார்த்த குண்டு கொஞ்சம் விலை கூடுதல். அந்தக் காசைக் கொடுத்துவிடலாம்.

பெண் விஷயத்துக்கு வருகிறேன். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கை உறிஞ்சினால், சிறு குழந்தைகள் பாதி வரை உறிஞ்சிவிடுவார்கள். இரும்புச்சத்து குறைந்த உடம்பு இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும், வெறும் வயிறும் அப்படியே. ரத்தத்தில் இருப்பது ஒரு மாதத்தில் பாதியாகும், எலும்பில் சேர்ந்தது பல வருடம் கிடந்து, பின்னாளில் கர்ப்ப காலத்தில் வெளியே வரும். ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே குழந்தைகளைக் கவனியுங்கள் என்கிறது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி. பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்தம் எடுப்பதிலும் இரண்டு வழி. விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய ஈயமும் கலந்து பொய்க்கணக்கு காட்டலாம். கை நரம்பில் எடுப்பதே மேல்.

அண்ணியிடம் சொன்னது இது: ஏர் ரைபிள். .22 ஆசை வந்தால் கல்லூரிக்குப் போனபின், திறந்த வெளியில். சேருவதற்கு முன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஆறு மாதம் கழித்து இன்னொன்று, கூடவே ஹீமோகுளோபினும். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும், அங்கே எதுவும் தின்ன வேண்டாம். சானிட்டைசர் ஈயத்தை எடுக்காது, சோப்புப் போட்டுக் கழுவட்டும். சுடும் உடுப்பும் ஷூவும் வாசலோடு நிற்க வேண்டும், துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

"தனியாத் துவைக்கறது யாரு?" என்று கேட்டார் அண்ணி. மகள் சட்டென்று எழுந்து மாடிக்குப் போய்விட்டாள்.