ஐஎஸ்யூ யூடியூப் அலைவரிசை: அணிப் போட்டிக்கான பாதையை முதலிலிருந்தே பார்க்க ஒரு சேவை

ஃபிகர் ஸ்கேட்டிங் என்னும் பனிச்சறுக்கு ஆட்டத்தில், ஒரு நாட்டின் எல்லாப் பிரிவுகளின் புள்ளிகளையும் கூட்டிப் பார்க்கும் ஒலிம்பிக் அணிப் போட்டிக்கு எந்தெந்த நாடுகள் வரும் என்பது ஒலிம்பிக் நடக்கும் வாரத்தில் முடிவாவதில்லை. அது பல மாதங்களுக்கு முன்பே, அதிகம் பேர் பார்க்காத போட்டிகளில், அதிகம் பேர் பொருட்படுத்தாத பிரிவுகளில் முடிவாகிவிடுகிறது. ஆகவே இவ்விளையாட்டை ஒளிபரப்பும் எந்தச் சேவையையும் நான் ஒரே அளவுகோலால்தான் மதிப்பிடுவேன்: ஆடவர் தனிநபர், மகளிர் தனிநபர், ஜோடி (இருவர் சேர்ந்து தூக்கல், எறிதல், தாவலுடன் ஆடுவது), ஐஸ் டான்ஸ் (இருவர் பனியில் நடனமாக ஆடுவது) ஆகிய நான்கையும் அது சமமாகக் காட்டுகிறதா? அந்த அளவுகோலின்படி, சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியமான ஐஎஸ்யூ யூடியூபில் நடத்தும் அலைவரிசையைக் கொழும்பிலுள்ள ரசிகர்களுக்குத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

இந்த அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தகுதி விதிகளே. ஒலிம்பிக் அணிப் போட்டியில் 10 நாடுகளுக்கு மட்டுமே இடம் உண்டு. ஒரு நாடு நான்கு பிரிவுகளில் குறைந்தது மூன்றிலாவது ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். அப்படித் தகுதி பெற்ற நாடுகளுள், உலக சாம்பியன்ஷிப், கிராண்ட் பிரீ போன்ற போட்டிகளில் ஒவ்வொரு பிரிவிலும் ஈட்டிய புள்ளிகளின் கூட்டுத்தொகையில் முன்னிலையில் இருப்பவை தேர்வாகின்றன. தனிப் பிரிவுகளுக்கான இடங்களும் எளிதில் கிடைப்பவை அல்ல. 2026 மிலானோ கோர்ட்டினா ஒலிம்பிக்கை எடுத்துக்கொண்டால், ஆடவருக்கும் மகளிருக்கும் தலா 29 இடங்கள் இருந்தன; அவற்றுள் 24 இடங்கள் 2025 மார்ச்சில் பொஸ்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலேயே பங்கிடப்பட்டுவிட்டன, எஞ்சிய ஐந்துக்குத்தான் அவ்வாண்டு செப்டெம்பரில் பெய்ஜிங்கில் இறுதித் தகுதிப் போட்டி நடந்தது. ஜோடிப் பிரிவில் மொத்தமே 19 இடங்கள். ஐஸ் டான்ஸில் 23.

இந்த விதியின் கடுமை, உச்ச நட்சத்திரம் ஒருவரை வைத்திருந்தும் அணிப் போட்டிக்கு வெளியே நின்ற நாடுகளைப் பார்க்கும்போதுதான் விளங்கும். 2014 சோச்சியில் கிம் யூனா மகளிர் பிரிவில் வெள்ளியும் டெனிஸ் டென் ஆடவர் பிரிவில் வெண்கலமும் வென்றார்கள்; தென் கொரியாவோ கசகஸ்தானோ அணிப் போட்டியில் இல்லை. 2015இலும் 2016இலும் உலக சாம்பியனான ஸ்பெயினின் ஹவியர் ஃபெர்னாண்டஸ் 2018இல் ஒலிம்பிக் வெண்கலமும் வென்றார். ஆனால் ஸ்பெயினுக்கு அந்த ஒலிம்பிக்கில் மகளிர் பிரிவிலும் ஆளில்லை, ஜோடியும் இல்லை. ஆகவே அணிப் போட்டியிலும் இடமில்லை.

இதைவிட எனக்கு நெருக்கமானது ஜப்பானின் கதை. சோச்சியில் நடந்த முதலாவது அணிப் போட்டியில் ஹன்யூ யுசுரு ஆடவர் ஷார்ட் புரோகிராமில் (இரு ஆட்டங்களுள் குறுகியதான முதலாவது) முதலிடம் பெற்றார். ஜப்பான் ஐந்தாவதாக முடித்தது. 2018 பியோங்சாங்கில் அதே பிரிவில் உனோ ஷோமா முதலிடம். ஜப்பான் மீண்டும் ஐந்தாவது. ஒவ்வொரு பிரிவின் ஒவ்வொரு ஆட்டத்திலும் முதலிடத்துக்கு 10 புள்ளி, அடுத்ததற்கு 9 என இறங்கிக்கொண்டே வரும் முறையில், ஒருவர் எவ்வளவு வித்தியாசத்தில் வென்றாலும் அவரால் 10க்கு மேல் தர முடியாது. ஜோடிப் பிரிவில் இழந்ததை அவர் ஈடுசெய்யவே முடியாது. 2019இல் மியூரா ரிக்குவும் கிஹாரா ரியூச்சியும் இணைந்த பிறகே நிலைமை மாறியது. இதே கிஹாரா முந்தைய இரு ஒலிம்பிக்குகளிலும் வேறு துணைகளுடன் ஆடியவர். 2022 பெய்ஜிங்கில் மூன்றாவதாக முடித்த ஜப்பான், ரஷ்ய அணியின் புள்ளிகள் பின்னர் குறைக்கப்பட்டபோது வெள்ளிக்கு உயர்ந்தது. மியூராவும் கிஹாராவும் 2023இலும் 2025இலும் உலக சாம்பியன்கள் ஆனார்கள்.

ஜோடியைக் காட்டாத ஒளிபரப்பு இந்தக் கதையையும் காட்டாது. கொழும்பில் மாதக் கட்டணம் செலுத்தி நான் பெற்றிருந்த ஒரு விளையாட்டுத் தொகுப்பு இதற்கு உதாரணம். அதன் பெயர் இங்கே அவசியமில்லை. படத்தின் தெளிவில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆடவர் பிரிவின் கடைசி ஆட்டம் முடிந்ததும் எப்போதோ நடந்த கிரிக்கெட் போட்டியின் மறுஒளிபரப்புக்குத் தாவிவிடும். ஜோடிகளும் ஐஸ் டான்ஸும் மறுநாள் சில நிமிடத் தொகுப்பாகச் சுருங்கிவிடும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டபோது, 'முக்கியமான பிரிவுகளைப் போடுகிறோம், சேர்' என்றார் அந்தத் தம்பி. அணிப் போட்டியின் கணக்கில் நான்கு பிரிவுகளும் ஒரே எடை என்பதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.

ஐஎஸ்யூ அலைவரிசையின் பெரும் பலம் இளையோருக்கான போட்டித் தொடரான ஜூனியர் கிராண்ட் பிரீ. ஆகஸ்ட் இறுதி வாக்கில் தொடங்கும் இத்தொடர் கட்டணமின்றி நேரலையாக வருகிறது. நேரலை முடிந்த பின் ஒவ்வொருவரின் ஆட்டமும் தனித்தனிக் காணொளியாகவும் கிடைக்கிறது. இரவில் கண்விழிக்க இயலாதவர்களுக்கு இது பெரிய வசதி. ஜோடிப் பிரிவு எல்லா வாரங்களிலும் இராது என்பதால் நிரலை முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. 2024-25 பருவத்திலிருந்து மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயது 17 ஆக உயர்த்தப்பட்டுவிட்டதால், நாளைய அணிகளின் ஜோடிகள் இப்போது நெடுங்காலம் இங்கேயே ஆடுகிறார்கள். ஒரு நாட்டுக்கு ஆளில்லாத பிரிவு எப்படி நிரம்பி வருகிறது என்பதை அறிய இதைவிட நல்ல இடம் இல்லை.

திரையின் இடது மேல் மூலையில் தோன்றும் சிறு பெட்டியை மட்டும் தவறவிடாதீர்கள். த்ரோ ஜம்ப்பில், அதாவது துணைவர் எறிய காற்றில் சுழன்று, ஒரு பெண் பனியில் இறங்கும் கணத்தில் அந்த அசைவின் பெயரும் புள்ளியும் அங்கே ஏறும். பக்கத்திலுள்ள சிறு விளக்கு நடுவர்கள் மெச்சினால் பச்சையாகவும், குறைத்தால் சிவப்பாகவும், தொழில்நுட்பக் குழு மீண்டும் பார்க்க விரும்பினால் மஞ்சளாகவும் மாறும். மஞ்சள் எரியும்போது புள்ளி இன்னும் உறுதியாகவில்லை என்று பொருள். எந்த விளக்கமும் இல்லாமலே ஒரு வாரத்துக்குள் இதைப் படிக்கப் பழகிவிடலாம். நெடுங்காலமாக ஜூனியர் தொடருக்கு வர்ணனை வழங்கிவரும் கனேடியர் டெட் பார்டன், விழுந்த பிள்ளையையும் வென்ற பிள்ளையையும் ஒரே பரிவோடு பேசுபவர். வர்ணனை ஆங்கிலத்தில்தான், என்றாலும் நிதானமான ஆங்கிலம். பாடசாலைப் பிள்ளைகளும் பின்தொடர முடியும்.

அலைவரிசையில் ஆட்டங்களைப் பார்க்கலாம். நாடுகளுக்கு இடையிலான கூட்டுப் புள்ளிகளைப் பார்க்க ஐஎஸ்யூ இணையத்தளத்தின் தரவரிசைப் பக்கங்களுக்குப் போக வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதே ஒரு நாட்டின் மிகப் பலவீனமான பிரிவு அதை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்பது கண்ணில் படும். டொரன்டோவில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தங்கையுடன் இதே பக்கங்களை வைத்துத்தான் தொலைபேசியில் வாதாடுவேன். 2018இல் தங்கம் வென்ற கனடாவை அவளுக்கு யாரும் குறைத்துப் பேசக் கூடாது!

ஒலிம்பிக் இல்லாத ஆண்டுகளில் பார்க்க வேண்டியது உலக அணிக் கோப்பை. 2009இல் தொடங்கி இன்றுவரை ஜப்பானிலேயே நடந்துவரும் இப்போட்டிக்கு, அந்தப் பருவத்தின் புள்ளிகளில் முதல் ஆறு இடங்களைப் பெறும் நாடுகளே அழைக்கப்படுகின்றன. ஒவ்வொரு அணியிலும் இரு ஆடவர், இரு மகளிர், ஒரு ஜோடி, ஒரு ஐஸ் டான்ஸ் இணை என எட்டுப் பேர். தனிநபர் பிரிவுகளில் ஆழம் உள்ள நாடுகளுக்கு இந்த அமைப்பு சாதகமானது. ஒலிம்பிக் முறையே நியாயமானது என்பது என் கருத்து. டோக்கியோவுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேரமே வித்தியாசம் என்பதால், அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் கொழும்பில் பிற்பகல் மூன்றரைக்கு வந்துவிடும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்கள் ஜூனியர் தொடரின் ஜோடிப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். கைப்பேசியில் பார்ப்பதானால் அந்த மூலைப் பெட்டியின் எழுத்துகள் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தரத்தை 720க்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்.