டோக்கியோவில் நான்கு முறை: ரயிலில் குறையே இல்லை, சூப்பில்தான் எல்லாமே

போன வாரம் அலுவலகத் தோழி கேட்டாள். "டோக்கியோ டிக்கெட் விலை இறங்கியிருக்கு. அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்க்கிறேன். நீ நாலு தடவை போயிட்டு வந்தவ. சுத்தறதுக்கும் சாப்பிடறதுக்கும் எப்படி?" அவள் அம்மா முட்டைகூடத் தொடாதவர். நானும் அப்படித்தான். ஒரு வரியில் பதில் சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை. 2017, 2019, 2023, 2025 என்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வாரம் வேலையாகப் போய்த் தங்கியிருக்கிறேன். முழுதாகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில் ரயில். 2017-இல் நரிதா விமான நிலையத்தில் 500 யென் முன்பணம் கட்டி ஒரு சுயிகா அட்டை வாங்கினேன். முன்கூட்டியே பணம் போட்டுவைத்து, ரயில் நிலைய வாசலில் தொட்டுவிட்டுப் போகிற அட்டை அது. இன்றுவரை அதே அட்டைதான். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து 10 ஆண்டு சும்மா கிடந்தால்தான் அது காலாவதியாகும். 2019-இல் ஊர் திரும்பும்போது மிச்சம் வைத்த ஆயிரத்துச் சொச்சம் யென், கொரோனா காலம் முழுக்கப் பீரோவில் பாஸ்போர்ட் உறைக்குள் கிடந்துவிட்டு, 2023-இல் வாசலில் வைத்ததும் 'பீப்' என்று உயிரோடு வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. அந்த வருடம் சிப் தட்டுப்பாட்டால் புது அட்டை விற்பனையையே நிறுத்தி வைத்திருந்தார்கள். என்னோடு வந்தவர் ஒவ்வொரு நிலையத்திலும் கட்டணப் பலகையை அண்ணாந்து பார்த்துச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார். 2025 மார்ச்சில் விற்பனை மறுபடி தொடங்கிவிட்டது.

டோக்கியோவில் ரயில் ஓட்டும் நிறுவனங்கள் பல: ஜேஆர் தனி, மெட்ரோ தனி, தோயே தனி. மெட்ரோவில் 9 தடம், தோயேயில் 4. மாறும்போது கட்டணமும் மாறும். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் அட்டையின் வேலை, நம் வேலை இல்லை. நிலையங்களுக்கு எழுத்தும் எண்ணும் இருப்பதால் பெயரைப் படிக்கத் திணற வேண்டாம்: கின்சா ஜி-09, அசாகுசா ஜி-19. அந்தக் கின்சா தடத்தின் முதல் துண்டு 1927-இல் ஓடத் தொடங்கியது, ஆசியாவின் முதல் சுரங்க ரயில். அதில் உட்கார்ந்து போகும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வரும். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரிய நிலையங்களில் லிஃப்ட் இருக்கும் வாசல் நாம் போக வேண்டிய வாசலாக இருக்காது. ஷின்ஜுகுவில் ரயிலை விட்டு இறங்கி வெளியே வருவதே ஒரு நடைப்பயிற்சி. மற்றபடி ரயிலைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் கிடையாது. சுயிகாவில் பணம் போட நிலைய எந்திரத்துக்கு ரொக்கம் வேண்டும், அதை மட்டும் நினைவு வைத்தால் போதும்.

சரி, இப்போது சூப்பு.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. பெரும்பாலும் அதைக் கட்சுவோபுஷியில் எடுக்கிறார்கள். சூரை மீனை வேகவைத்து, புகையூட்டி, கட்டை போலக் காயவைத்து, சீவல் சீவலாகச் சீவியது. தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் உடனே புரியும், நம் மாசிக் கருவாட்டின் உறவு அது. மீன் துண்டு எங்கும் கண்ணில் படாது, சாறாக மட்டும் இருக்கும். மீசோ என்ற சோயா விழுதில் செய்யும் சூப்பில் இருக்கும். கீரையை வேகவைத்து ஊற்றும் தண்ணீரில் இருக்கும். டோஃபு பொரித்துத் தருவார்கள், அதன் அடியில் இருக்கும். மாவில் முக்கிப் பொரித்த காய்கறி தெம்புராவைத் தொட்டுக்கொள்ளும் கிண்ணத்திலும் இருக்கும். 'இறைச்சி வேண்டாம்' என்றால் சிரித்த முகத்தோடு இறைச்சியை எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றித் தருவார்கள். அவர்கள் ஏமாற்றவில்லை. அவர்கள் கணக்கில் அது மீனே இல்லை, தண்ணீர்.

2019-இல் காந்தா பக்கம் சோபா என்ற பக்வீட் மாவு நூடுல்ஸ் விற்கும் ஒரு சின்னக் கடையில் "காய்கறி மட்டும்தானே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தேன். ருசியாக இருந்தது. பணம் கொடுக்கும்போது அடுப்பருகே சீவல் மூட்டையைப் பார்த்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாத கோபம் அது.

உணவு உறைகளில் அச்சிடும் ஒவ்வாமைப் பட்டியல் உதவும் என்று நினைத்தேன். உதவாது. கட்டாயம் குறிப்பிட வேண்டியவற்றில் இறால் உண்டு, நண்டு உண்டு. சூரை இல்லை. கட்டாயமில்லாத, பரிந்துரைப் பட்டியலில் சால்மனும் கானாங்கெளுத்தியும் இருக்கின்றன, அங்கேயும் சூரை இல்லை. அதனால் கடையில் வாங்கும் அரிசி உருண்டையின் உறையைக்கூட கைபேசிக் கேமராவில் மொழிபெயர்த்துப் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. ஊறவைத்த பிளம் உள்ளே வைத்த உருண்டை பார்க்க நம் ஊறுகாய்ச் சோறு போலத்தான் இருக்கும், அதிலும் சில உறைகளில் 'கட்சுவோ சாறு' என்று போட்டிருந்தது.

என் ஆற்றாமை எங்கே என்றால், உமாமி என்று ஐந்தாவதாகச் சொல்லும் ருசியை 1908-இல் இக்கேதா கிக்குனாயே கண்டுபிடித்ததே கொம்பு என்ற கடற்பாசியின் சாற்றில்தான். மீனே இல்லாத சாறு அந்த நாட்டிலேயே இருக்கிறது. புத்தக் கோயில்களின் ஷோஜின் என்ற சைவச் சமையல் கொம்பையும் காய்ந்த ஷீட்டாகே காளானையும் வைத்தே நடக்கிறது. அப்படியிருக்க, சாதாரணத் தெருக்கடையில் ஒரே ஒரு பானை தனியாக வைக்கக் கூடாதா? நியாயமாகவும் பேச வேண்டும். கொம்பும் கட்சுவோவும் சேரும்போதுதான் ருசி பல மடங்காகிறது. அதை விடச் சொல்வது, சாம்பாரில் புளியை விடச் சொல்வது மாதிரி. அவர்கள் வீட்டுச் சமையல், அவர்கள் உரிமை. இது எனக்குப் புரிகிறது. பசியோடு மூன்றாவது கடை வாசலில் நிற்கும்போதுதான் புரிய மறுக்கிறது.

2025-இல் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். "கட்சுவோ தாஷி ஹைத்தே இமாஸ் கா?" கட்சுவோ சாறு சேர்ந்திருக்கிறதா என்று அர்த்தம். இதுதான் சரியான கேள்வி, 'நான் வெஜிடேரியன்' என்பது இல்லை. வயதான சமையற்காரர் ஒருவர் உள்ளேயிருந்து வந்து, இரண்டு கைகளையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினார். கிளம்பப் போனேன். நிற்கச் சொல்லிவிட்டு, ஆறவைத்த சோபாவும் ஒரு சிட்டிகை உப்பும் வசாபியும் துருவிய முள்ளங்கியும் கொண்டுவந்து வைத்தார். சாறு இல்லை. விலையில் குறைக்கவில்லை, குறைக்கவும் வேண்டாம். நான்கு பயணத்தில் நான் சாப்பிட்ட நல்ல சாப்பாடு அதுதான். கோதுமை போலவும் இல்லாமல் கேழ்வரகு போலவும் இல்லாமல் அந்தச் சோபா மாவுக்கு ஒரு மணம் உண்டு. சூப்பில் போட்டால் அது தெரியவே தெரியாது.

நிம்மதியாகப் போகும் இடங்களும் உண்டு. டோக்கியோ நிலையத்துக்குள் கேயோ தெருவில் டீஸ் தன்தன் என்று ஒரு கடை, மீனும் இல்லை பாலும் இல்லை, எள் வாசனையோடு ராமென் நூடுல்ஸ். கடை டிக்கெட் வாசலுக்கு உள்ளே இருக்கிறது. ரயில் ஏறாமல் சாப்பிட்டுவிட்டு மட்டும் வரலாம், சுயிகாவில் தொட்டு நுழைந்து இரண்டு மணி நேரத்துக்குள் அதே நிலையத்தில் வெளியே வந்தால் நுழைவுக் கட்டணம் மட்டும் பிடிப்பார்கள், எனக்கு 150 யென் பிடித்தது. தோசை வேண்டுமென்றால் தோசாய் தடத்தில் டி-16, நிஷி காசாய். நிறைய இந்தியக் குடும்பங்கள் இருக்கும் பகுதி, மளிகையும் கிடைக்கும். அப்புறம், ஊரிலிருந்து ரைஸ் குக்கர் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். 2017-இல் நான் ஒரு மணி நேரம் காத்திருந்தும் அரிசி ஊறித்தான் இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத் தோழி, "அப்ப போகலாம்னு சொல்ற" என்றாள். இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை. அம்மாவோடு என்றால் போக வேண்டாம் என்றுதான் சொன்னேன். நானாவது கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பேன். 70 வயதில் ஒருவர், தெரியாமல் குடித்துவிட்டு, பிறகு அந்த மூட்டையைப் பார்க்கக் கூடாது. ரயில் எவ்வளவு நன்றாக இருந்தால் என்ன.

அவள் தனியாகப் போவதாக இருந்தால் மட்டும் என் அட்டையைத் தருகிறேன் என்றேன். அதில் இன்னும் 743 யென் இருக்கிறது.