காட்டுக் குடிசையா, சனிக்கிழமை வகுப்பா?

பையனைப் பெரியவனாக்குவது எப்படி? தென்னாப்பிரிக்காவின் கிழக்கு கேப்பில் வாழும் ஹோசா மக்களுக்கு விடை உல்வாலுகோ என்ற சடங்கு. விருத்தசேதனம் முடிந்த பையன்கள் ஊருக்கு வெளியே குடிசையில், உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு சில வாரம் இருப்பார்கள். முடிவில் குடிசைக்குத் தீ வைப்பார்கள். போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அப்புறம் அவன் புதுக் கோட்டும் தொப்பியுமாக நடந்தாலே ஊருக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பினத்தவருக்கு ஆப்பிரிக்க முன்னோரின் இப்படிப்பட்ட சடங்குச் சங்கிலி அடிமை வியாபாரத்தில் அறுந்துபோனது. அதனால் அதை வகுப்பாகத் திரும்பக் கட்டினார்கள்: வாரக் கடைசிக் கூட்டங்கள், வரலாறு, மூத்தவர்களின் துணை, 1966-இல் குவான்சா என்ற கறுப்பினப் பண்பாட்டு விழாவோடு, அதைத் தொடங்கிய மௌலானா கரெங்கா முன்வைத்த ஏழு கொள்கைகள். முடிவில் நீர் வார்த்து முன்னோர் பெயர்களைச் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கும் உண்டு.

ஹோசா முறையின் அழுத்தம் இதில் வராது, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வகுப்பு முடிந்தால் பையன் அதே தெருவுக்குத்தான் திரும்புகிறான். ஆனால் கிழக்கு கேப்பில் ஆண்டுதோறும் பையன்கள் சாகிறார்கள். தண்ணீர் குடிக்க விடாமல் உடல் வற்றி, புண்ணில் சீழ் பிடித்து. 2021-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. என் பிள்ளை என்றால்? சரி, வகுப்புக்குத்தான் அனுப்புவேன். குடிசைக்குத் தீ வைக்கும் அந்தக் காட்சியை மட்டும் கடன் கேட்பேன்.